துரைக்கு ஒரு நாற்காலி

நோயுள்ள நாய்க்குட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று நான்கு பேரிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு பேர், "பாவம், கொண்டுவந்துடு, புண்ணியம்" என்பார்கள். மற்ற இரண்டு பேர், "மனுசனுக்கே மருந்து வாங்க முடியல, நாய்க்கா?" என்பார்கள். நான்கு பேருமே அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பதிலுக்கு மூன்று வாரம் பிடித்தது.

பீடோரைக் காரில் கடந்து போகிறவர்களுக்கு அது கொய்யாப்பழ ஊர். பழைய சாலையோரம் வரிசையாகக் கடைகள். கொய்யா, பெட்டாய்க் கொத்து, பிஸ்கட் பொட்டலங்கள். கொஞ்சம் உள்ளே திரும்பினால் வாத்து மீ. நெடுஞ்சாலை வந்து எத்தனையோ வருடம் ஆகியும், இதற்காகவே இறங்கி வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு கடைக்குப் பின்னால், காலிக் கூடைகளுக்கு நடுவே ஒரு தெருநாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. நான்கைக் கேட்டவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். மிஞ்சியது ஒரு பழுப்புக் குட்டி. தலை மட்டும் பெரிது, உடம்பு கைப்பிடி அளவு.

"இது சாப்பிடும், ஆனா எல்லாத்தையும் கக்கிடும். யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க" என்றார் கடைக்கார சீன அக்கா. அவரே ஒரு வாரம் பால் கொடுத்துப் பார்த்திருக்கிறார். நான் ஈப்போவில் வேலை செய்கிறேன், தினமும் போய் வருகிறேன் என்பது அவருக்குத் தெரியும். "மருத்துவரிடம் காட்டிப் பார்க்கிறாயா?" என்று கேட்டார். காட்டுவதற்கு மட்டும் ஒப்புக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை பழக்கூடையிலேயே வைத்து ஈப்போவுக்குக் கொண்டுபோனேன்.

கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது, "வாந்தி எடுக்கிறதா, கக்குகிறதா?" என்றுதான். இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்போம். இல்லையாம். வாந்தி என்றால் வயிறு குமட்டும், உடம்பே உலுக்கும். இந்தக் குட்டிக்கு அது எதுவுமில்லை. சாப்பிட்டுவிட்டுச் சும்மா நிற்கும். தலையைக் குனியும். செம்பைக் கவிழ்த்ததுபோல உள்ளே போனது அப்படியே வெளியே வந்துவிடும். பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் வெள்ளையாக ஒரு பெரிய பை தெரிந்தது. வயிறு என்று நினைத்தேன். அது உணவுக்குழாய்.

மெகாஈசோபேகஸ் என்பது நோயின் பெயர். விழுங்கியதைத் தசைகள் அலை அலையாகத் தள்ளி வயிற்றுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். இந்த நோயில் அந்தத் தசைகள், நாடா தளர்ந்த காலுறைபோலத் தொய்ந்துவிடுகின்றன. நாம் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். நமக்கு உணவு கீழ்நோக்கி இறங்கும். நான்கு காலில் நிற்கும் நாய்க்கு உணவுக்குழாய் கிட்டத்தட்டப் படுக்கை வாட்டத்தில் இருக்கிறது. தள்ள ஆளில்லாவிட்டால் சாப்பாடு வழியிலேயே தங்கிவிடும். சில குட்டிகளுக்கு இதயத்தருகே ரத்தக்குழாய் ஒன்று பிறவியிலேயே தவறான பக்கம் அமைந்து உணவுக்குழாயை இறுக்கிப் பிடித்திருக்குமாம். அப்படியிருந்தால் அறுவை சிகிச்சையில் விடுவிக்கலாம். இந்தக் குட்டிக்குக் குழாய் முழுநீளமும் விரிந்திருந்தது. வெட்டி விடுவிக்க எதுவும் இல்லை.

"வளர வளரத் தேறும் குட்டிகளும் உண்டு. இது தேறுமா என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. பட்டினியை நாம் சமாளித்துவிடலாம். பயப்பட வேண்டியது நுரையீரலுக்கு" என்றார் மருத்துவர். கக்குவது மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா. இந்த நோயுள்ள நாய்கள் பெரும்பாலும் அதில்தான் போகின்றன. தீர்க்கும் மருந்து இல்லை. ஒரே வைத்தியம், நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டி, ஊட்டிய பிறகும் இருபது நிமிடமாவது அப்படியே வைத்திருப்பது. குட்டியாக இருக்கும்வரை நாளைக்கு நான்கு வேளை.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் முக்கியமானது. "மதியம் வீட்டில் யார் இருக்கிறார்கள்?"

எனக்கு எவ்வளவு இரக்கம், எவ்வளவு சம்பளம், நாய் வளர்த்த அனுபவம் உண்டா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. காலை ஆறு மணி வேளை என்னுடையது. இரவு ஏழும் பத்தரையும் என்னுடையவை. நடுவில் மதியம் ஒன்று இருக்கிறது, நான் அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் கணக்குப் புத்தகத்தின் முன்னால் இருக்கும் நேரம். நான் "வளர்க்கிறேன்" என்று சொன்னால், வளர்ப்பதில் கால் பங்கு அப்பா அம்மாவின் தலையில் விழும். அவர்களைக் கேட்காமல் சொல்ல எனக்கு என்ன உரிமை?

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது. பீடோருக்கு உள்ளே இருந்த ரப்பர் தோட்டம் ஒன்றில் அம்மா பதினோரு வருடம் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவர். பால்வெட்டுக்குப் போகிற தாய்மார்கள் விடிவதற்கு முன்பே பிள்ளைகளைக் கொண்டுவந்து ஏணையில் போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு பிள்ளைக்குப் பால் புகட்டி, தோளில் போட்டுத் தட்டி, ஏப்பம் வந்த பிறகு கிடத்திவிட்டு அடுத்த பிள்ளையை எடுக்க வேண்டும். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் காலியாகி, நாங்கள் தாமானுக்குக் குடிவந்த பிறகும், யார் வீட்டுக் கைக்குழந்தை அழுதாலும் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள்.

அதே அம்மா பாட்டியையும் மூன்று வருடம் பார்த்தார். அப்பாவின் அம்மா. பக்கவாதத்தில் விழுங்கும் சக்தி குறைந்துவிட்டது. தலையணைகளை அடுக்கி நிமிர்த்தி உட்காரவைத்துக் கஞ்சி ஊட்ட வேண்டும், ஊட்டி அரைமணி நேரம் சாய்க்கக் கூடாது என்று மருத்துவமனைத் தாதி சொல்லிக்கொடுத்ததை அம்மா ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. ஆனாலும் கடைசியில் பாட்டி போனது நுரையீரலில் சளி கட்டித்தான். சாப்பாடு வழிமாறிப் போன நிமோனியா. எக்ஸ்ரே உறையோடு நான் வீட்டுக்கு வந்து விவரம் சொன்னபோது, அம்மாவுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் பாதி சொல்லும்போதே எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

"நாய் வேணாம்னு சொல்லல" என்றார் இரவு. "அந்த இருமல இன்னொரு தடவ இந்த வீட்ல கேக்க என்னால ஆகாது."

அதற்கு என்ன பதில் சொல்வது? நான் எதுவும் சொல்லவில்லை.

அப்பா வேறு மாதிரி. லயத்தில் வீட்டுக்கு வீடு நாய் இருந்த காலத்து ஆள். காட்டுப்பன்றி விரட்டவும் இரவுக் காவலுக்கும் நாய் வேண்டும். யாரும் ஊசி போட்டதில்லை, பெயர்கூட எல்லாவற்றுக்கும் மணிதான். நோஞ்சான் குட்டிகளை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "சாக்குல போட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துருவாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நானும் ஒரு தடவ போயிருக்கேன். பன்னெண்டு வயசு. சாக்கு கனமே இல்ல" என்றார். அன்றைக்கு இருந்த நிலைமை அது. பிள்ளைகளுக்கே பால்மாவு அளந்து கரைத்த வீடுகள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்றைக்கு நிலைமை வேறு. 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தின்படி ஒரு பிராணியை வைத்திருப்பவர் அதன் தேவைகளைக் கவனிக்கக் கடமைப்பட்டவர். கொடுமைப்படுத்தினால் குறைந்தது இருபதாயிரம் ரிங்கிட், அதிகம் போனால் ஒரு லட்சம் ரிங்கிட்வரை அபராதம் அல்லது மூன்றாண்டுவரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொண்டதுதான். நடுவில் முடியவில்லை என்று கூடையோடு கடை வாசலில் வைத்துவிட்டு வர முடியாது. வைக்கவும் கூடாது.

தம்பி சிங்கப்பூரிலிருந்து புலனத்தில் செய்தி அனுப்பினான்: "777 சார்லி பார்த்துட்டு முடிவெடுக்காதே." 2022இல் வந்த கன்னடப் படம். தமிழில் பார்த்துவிட்டு இரண்டு பேரும் அழுதவர்கள்தான். அந்தப் படத்தில் நோயுள்ள நாயைக் கூட்டிக்கொண்டு நாயகன் பனிமலை பார்க்கக் கிளம்பிவிடுவான். மதியக் கஞ்சியை யார் கொடுப்பது என்ற கேள்வி அங்கே வராது. ஆனால் தம்பி கூடவே மாதம் நூறு ரிங்கிட் அனுப்புவதாகவும் எழுதியிருந்தான். அவனுக்கும் ஆசைதான் போலிருக்கிறது.

பணத்தைப் பற்றி நம் வீடுகளில் வெளிப்படையாகப் பேசமாட்டோம். ஆனால் இந்த விஷயத்தில் பேசியாக வேண்டும். எக்ஸ்ரேயும் பரிசோதனையும் சேர்ந்து எனக்கு 280 ரிங்கிட் ஆனது. உணவு, மருந்து, பூச்சிமருந்து, தடுப்பூசி என்று மாதம் இருநூறு வைத்துக்கொள்ளலாம். நிமோனியா வந்து உள்ளே வைத்துப் பார்த்தால் ஒரு தடவைக்கு ஆயிரத்தைத் தாண்டலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அந்த ஆயிரம் எங்கிருந்து வரும் என்று தெரியாமல் குட்டியைத் தூக்கக் கூடாது என்பது என் எண்ணம். காலில் விழுந்து கடன் கேட்கிற இரவில் யாராலும் நிதானமாக முடிவெடுக்க முடியாது. கார் மாற்ற வைத்திருந்த சேமிப்பிலிருந்து 1,500 ரிங்கிட்டைத் தனியாக ஒதுக்கினேன். கார் இன்னும் ஒரு வருடம் ஓடும்.

பக்கத்து வீட்டு மாக்சிக்கிடமும் ஒரு வார்த்தை கேட்டேன். ஒட்டு வீடுகள். நடுவில் ஒரு சுவர்தான். அவர்கள் தொழுகிறவர்கள். நாயின் எச்சில் வேலிப்பக்கம் படக்கூடாது. கக்குகிற நாய் என்றால் சொல்லவே வேண்டாம். மாக்சிக் கொஞ்சம் யோசித்தார். துணி காயப்போடும் பக்கம் விடாமல் இருந்தால் போதும் என்றார். பிறகு அவருடைய பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்ட கதையை அரைமணி நேரம் சொன்னார்.

இவ்வளவுக்கும் பிறகும் முடிவு ஆகவில்லை. மருத்துவர்தான் ஒரு வழி சொன்னார். மூன்று வாரம் வைத்துப் பாருங்கள், ஆகாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், அப்போது என்ன செய்யலாம் என்று பேசுவோம். அந்த "என்ன செய்யலாம்" என்பதற்குள் ஊசியும் அடங்கும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அம்மாவிடம் சொன்னேன். மதியம் அப்பா பார்த்துக்கொள்வார், நீங்கள் எதையும் தொட வேண்டாம். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இந்த நோயுள்ள நாய்களுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அமெரிக்காவில் பெய்லி என்ற நாய்க்காக அதன் வீட்டார் செய்தது. பிறகு உலகம் முழுக்க அதைப் பெய்லி நாற்காலி என்றே சொல்கிறார்கள். பின்னங்காலை மடக்கிப் பின்பலகையில் சாய்ந்து நாய் உட்காரும், முன்பக்கம் ஒரு தட்டு மறிக்கும். கைக்குழந்தைகளுக்கு உணவகங்களில் கொடுப்பார்களே, அதேபோல. படத்தைக் காட்டினேன். அப்பா பழைய சாமி அலமாரியின் பலகையை அறுத்து, உள்ளே துண்டு வைத்துத் தைத்து, ஒரே மாலையில் செய்துமுடித்தார். ஓய்வுபெற்ற பிறகு அவரை இவ்வளவு சுறுசுறுப்பாக நான் பார்த்ததில்லை.

முதல் வாரம் மோசம். அரைத்த கஞ்சி கொடுத்தேன். பாதி வெளியே வந்தது. ஒரு நோட்டில் தேதி, நேரம், எவ்வளவு உள்ளே, எத்தனை தடவை வெளியே என்று எழுதிவைத்தோம். சில நாய்களுக்குக் கஞ்சி ஒத்துக்கொள்ளும், சில நாய்களுக்கு உருண்டை ஒத்துக்கொள்ளும், பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார் மருத்துவர். எட்டாம் நாள் கோழியும் சோறும் பிசைந்து சிறு உருண்டைகளாக மாற்றினோம். அன்றைக்கு ஒரே ஒரு தடவைதான் கக்கியது. தண்ணீர் அதைவிடச் சிக்கல். தண்ணீரையே ஜெலட்டினில் உறையவைத்துக் கட்டிகளாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். இங்கே கடையில் கிடைக்கும் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்து வருவது. எங்கள் அடுப்படியில் அது ஏறாது. நான் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்த மறுநாள், குளிர்பெட்டியில் ஒரு டப்பா நிறைய அகார் அகார் கட்டிகள் இருந்தன. சீனி இல்லை, கோழி வேகவைத்த தண்ணீர் வாசனை வந்தது. யார் செய்தது என்று நான் கேட்கவில்லை. மருத்துவரிடம் மட்டும் கேட்டேன். கொடுத்துப் பாருங்கள் என்றார். அது இறங்கியது.

மதியம் நடந்ததை அப்பா சொல்லித்தான் தெரியும். குட்டியை நாற்காலியில் வைத்துவிட்டு அவர் எதிரில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பழைய பேப்பர் படிப்பாராம். அடுப்படியிலிருந்து குரல் வருமாம்: "தாடைய தூக்கிப் பிடிங்க." கொஞ்சம் கழித்து, "சும்மா உக்காந்திருந்தா ஆச்சா, முதுகத் தடவிக் குடுங்க." பதினாறாம் நாள் அப்பாவுக்குச் சர்க்கரை மருந்து வாங்க கிளினிக்கில் நேரமாகிவிட்டது. ஒன்றரைக்கு அடித்துப் பிடித்து வீட்டுக்கு வந்தால், குட்டி நாற்காலியில் இல்லை. அம்மாவின் தோளில், தலை பின்பக்கம் தொங்க, தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா கூடத்தில் முன்னும் பின்னும் நடந்தபடி முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் ஏப்பம் வரல" என்றாராம்.

நாய்க்கு ஏப்பம் அவசியமா என்று மருத்துவரைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதுவரை குட்டிக்குப் பெயர் வைக்கவில்லை. வேண்டுமென்றேதான். பெயர் வைத்துவிட்டால் முடிவெடுத்ததாகிவிடும் என்று ஒரு பயம். அப்பாதான் ஒருநாள், "நாற்காலில உக்காந்து, ஆள் ஊட்டி சாப்பிடுறவன் யாரு? தோட்டத்துல தொரை ஒருத்தன்தான்" என்றார். நாற்பது வருடம் துரையின் பங்களா வாசலில் தொப்பியைக் கையில் பிடித்து நின்றவர். அந்தப் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. துரை, இங்க வா. துரை, வாயத் தொற.

இருபத்தோராம் நாள் எடை பார்த்தோம். வந்தபோது 1.6 கிலோ. அன்றைக்கு 2.3. நுரையீரல் சுத்தமாக இருந்தது. அன்றிரவு மூன்று பேரும் உட்கார்ந்தோம். அம்மாதான் பேச்சைத் தொடங்கினார்.

"வளக்கலாம். ஆனா ஒண்ணு இப்பவே பேசிக்கணும்" என்றார். "சளி கட்டினா வைத்தியம் பாப்போம். மறுபடி கட்டினா மறுபடி பாப்போம். மூச்சு விடவே கஷ்டப்படுது, டாக்டர் இனிமே தேறாதுன்னு சொல்றாருன்னா, இழுக்கக் கூடாது. அன்னிக்கு நீ அழுதுகிட்டு இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள்னு கேக்கக் கூடாது. பாட்டிகிட்ட நம்மால கேக்க முடியல, போதுமான்னு. கேட்டாலும் அவங்களால சொல்ல முடியல. இதுவும் சொல்லாது."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் நோட்டை எடுத்து, அம்மா சொன்னதை அப்படியே எழுதினேன். கீழே தேதி போட்டேன். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். நல்ல நாளில் எழுதிவைத்தது கெட்ட நாளில் உதவும் என்று நம்புகிறேன். உதவுமா என்பது அந்த நாள் வந்தால்தான் தெரியும்.

மறுவாரம் ஊராட்சி மன்றத்தில் உரிமம் எடுக்க அப்பா போனார். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதச் சொல்லி அனுப்பியிருந்தேன். அவர் கொண்டுவந்த தாளில் அம்மாவின் பெயர் இருந்தது.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. ஒரு தடவை சளி கட்டியது. நான்கு நாள் ஈப்போவில் உள்ளே இருந்தான். ஒதுக்கிவைத்த பணத்தில் 940 ரிங்கிட் போனது, மீண்டும் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிக்கொண்டிருக்கிறேன். அந்த நான்கு இரவும் அம்மா தூங்கவில்லை. ஆனால் நோட்டை யாரும் எடுக்கவில்லை, எடுக்க வேண்டிய நிலை வரவில்லை. மாக்சிக் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "நாற்காலிப் பையன் சாப்பிட்டானா?" என்று மலாயில் கேட்கிறார். கடைக்கார அக்கா கொய்யாவுக்குக் காசு வாங்க மறுக்கிறார், நான் தட்டில் வைத்துவிட்டு வருகிறேன். இப்போது நாளைக்கு மூன்று வேளைதான். குழாய் கொஞ்சமாவது சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க அடுத்த மாதம் மறுபடி எக்ஸ்ரே. துரை ஏழு கிலோ ஆகிவிட்டான், முன்தட்டு நெஞ்சை இடிக்கிறது. அப்பா காலையிலேயே அளவெடுத்துக்கொண்டு தாப்பாவுக்குப் பலகை வாங்கப் போயிருக்கிறார்.